பொணம் எந்தத் தெரு வழியாகப் போகும்?

மதத்தால் உலகத்துக்கு நன்மையா தீமையா என்று பட்டிமன்றம் வைத்தால் கூட்டம் சேரும். எங்கள் பக்கத்துச் சிறுநகரம் ஒன்றில் அப்படி ஒன்று நடந்தது. நன்மை அணி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அன்னதானம், ஒழுக்கம் என்று அடுக்கியது. தீமை அணி சிலுவைப்போர், பிரிவினைக் கலவரம், உடன்கட்டை, 1992இல் இடிக்கப்பட்ட பாபர் மசூதி என்று அடுக்கியது. ரெண்டு பக்கமும் கைதட்டல். கடைசியில் நடுவர், மதம் ஒரு கத்தி மாதிரி, பழமும் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம், பிடிக்கிற கையைப் பொறுத்தது என்று தீர்ப்புச் சொல்லி எல்லாரையும் சந்தோசமாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தத் தீர்ப்பு ஒத்துக்கொள்ளவில்லை. கத்தியைக் கடையில் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். மதத்தை அப்படி வாங்கிவிட முடியுமா? அதன் சாவி ஏற்கெனவே யாருடைய இடுப்பிலோ தொங்குகிறது. இன்னொன்று, கத்தி தன்னைக் கும்பிடச் சொல்வதில்லை. தன்னைத் தொட்டால் தீட்டு என்றும் சொல்வதில்லை.

எழுந்து இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு அப்போது ஞாபகம் வந்தது எங்க ஆயாவின் பொணம்.

* * *

1987 ஐப்பசி. மூணு நாளாக விடாத மழை. விடியக்காலையில் ஆயா செத்துப்போச்சு. எனக்குப் பத்தொன்பது வயசு, காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். தாது வருசப் பஞ்சத்தில் கஞ்சி ஊத்தின சாமியாருங்க கையால் எங்க பாட்டன் பூட்டன் தண்ணி ஊத்திக்கிட்டாங்க என்பது வீட்டில் சொல்லிவந்த கதை. 'கஞ்சிக்காக மதம் மாறினவனுங்க' என்று இன்றைக்கும் எங்களைக் கேலி பேசுகிற ஆள் உண்டு. கஞ்சி ஊத்தாத மதத்தில் இருந்தவன் கஞ்சி ஊத்தின மதத்துக்குப் போனதில் என்ன கேலி இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கோயில் ஊர்த்தெருவில் இருந்தது. ஊர்த்தெருக்காரர்களும் கிறிஸ்தவர்கள்தான். அவர்களுக்கு நடுக்கூடம். எங்களுக்குப் பக்கவாட்டு இறக்கை. பீடம் எங்களுக்குச் சாய்வாகத்தான் தெரியும். ஆயா அறுபது வருசம் சாமியைச் சாய்வாகத்தான் பார்த்தது.

கோயிலுக்கென்று பொணப்பெட்டி வைத்துத் தள்ளிப்போகிற வண்டி ஒன்று உண்டு. எங்க பக்கம் தூம்பா என்று சொல்லுவோம். அதைக் கேட்கப் போன எங்க ஆளுங்ககிட்ட, சக்கரம் ரிப்பேரு என்று பதில் வந்தது. சக்கரத்துக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அடுத்த வாரமே ஊர்த்தெருப் பெரியவர் ஒருத்தர் அதே சக்கரத்தில் போனார்.

கல்லறைக்கு ரெண்டு வழி. ஒண்ணு ஊர்த்தெரு வழியாக, கோயிலைத் தாண்டி, நேராக. இன்னொண்ணு வாய்க்கால் வரப்பு. எங்க பொணம் வரப்பு வழியாகத்தான் போகணும். சட்டம் எதுவும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்காததுதான் பலமான சட்டம். அன்றைக்கு வரப்பில் முழங்கால் அளவு சேறு. நாலு பேர் தூக்கினோம். ரெண்டு இடத்தில் வழுக்கி, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே ஆயா ஒருக்களிச்சுப் படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

போய்ச் சேர்ந்தால் சாமியார் எங்களுக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தார். ஊர்த்தெரு வழியாகப் புல்லட்டில் வந்திருந்தார். அங்கி நனையாமல் ஒருத்தர் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

கல்லறைக்குள்ளே மாருயரத்துக்கு ஒரு சுவர். அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க. எங்க பெரியப்பா கறுப்புச் சட்டைக்காரர். கோயிலுக்குள் கால் வைக்காதவர். ஆனால் அம்மா பொணத்துக்குத் தோள் கொடுத்து வந்திருந்தார். அவர் சுவரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "செத்தவன் எகிறிக் குதிச்சு அந்தாண்ட போயிடுவான்னாடா சொவரு கட்டி வெச்சிருக்கீங்க?"

சாமியாருக்குக் காதில் விழுந்தது. அவர் கெட்டவர் இல்லை. எங்க தெருப் பிள்ளைகள் பலபேர் படிப்புக்கு உதவி செய்தவர். மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் பொறுமையா இருங்கப்பா. மேலே போனா எல்லாரும் ஒண்ணுதான்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆயா கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. அதை உருவி அந்தச் சுவருக்கு மேலே வீசிவிட வேண்டும் என்று குனிந்து கையை நீட்டினேன். எங்க அத்தை என் கையைத் தட்டிவிட்டாங்க.

"இது அவங்க கோயிலு குடுத்ததாடா? எங்கம்மா நடவு நட்டு, கூலி நெல்ல வித்து, வேளாங்கண்ணிக்கு நடந்து போயி வாங்கினது. வுடு கைய."

விட்டுவிட்டேன். மண்ணைத் தள்ளினோம்.

சாமியார் சொன்னது ஒரு பதில். பெரியப்பா கேட்டது ஒரு பதில். அத்தை சொன்னது மூணாவது. முதல் ரெண்டும் எனக்குச் சீக்கிரம் புரிந்தது. மூணாவது புரிய ரொம்ப வருசம் ஆச்சு.

* * *

சாமியாரின் பதிலை முதலில் எடுத்துக்கொள்வோம். மதம் நல்லது, மனுசன் பொல்லாதவன் என்பது அதன் சாரம். சுவர் கட்டினது சாதித் திமிர், அதுக்கு வேதம் என்ன செய்யும் என்பார்கள்.

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, பிராமணச் சந்நியாசி மாதிரி வாழ்ந்து, மேல்சாதியாரைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். பூணூலும் குடுமியும் சமூக வழக்கம்தான், அவற்றோடேயே ஒருவன் கிறிஸ்தவனாக இருக்கலாம் என்று வாதாடினார். சக பாதிரிமார்களே எதிர்த்தார்கள். வழக்கு ரோமாபுரி வரைக்கும் போனது. 1623இல் பதினைந்தாம் கிரகோரி போப்பாண்டவர் அந்த வழக்கங்களுக்கு அனுமதி கொடுத்தார். மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், கீழ்சாதிக்குப் பண்டாரச் சாமி என்று வேறொரு வகைச் சாமியார் என்ற ஏற்பாடும் அந்த மிஷனில் வளர்ந்தது. இதெல்லாம் யாரோ ஒரு குடிகாரன் திமிரில் செய்த காரியம் இல்லை. படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்து, விவாதித்து, முத்திரை குத்தின முடிவு.

புராட்டஸ்டண்டு பக்கம் 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதியைக் கைவிட வேண்டும் என்று கட்டளை போட்டார். தஞ்சாவூர்ச் சபையிலும் மற்ற இடங்களிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலை விட்டார்களே தவிர சாதியை விடவில்லை. ஆக, ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு ஒரு இடத்தில் சாதிக்கு அனுமதி, இன்னொரு இடத்தில் தடை. ரெண்டு இடத்திலும் சாதி பிழைத்துக்கொண்டது.

எங்கள் மாவட்டத்துப் பக்கமே, எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். பொணம் கொண்டுபோகிற வழியிலிருந்து எல்லாமே அங்கே தகராறு. 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ரெண்டு உயிர் போனது. செத்தவர்கள் தலித்துகள் அல்ல, வன்னியர்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள். சுவர் இந்தப் பக்கத்தை மட்டுமா கொல்கிறது?

இனி பெரியப்பாவின் பதில். மதத்தையே தூக்கி எறி, சாதி தானாக விழும் என்பது அது. எனக்குப் படிக்கவும் கேள்வி கேட்கவும் கற்றுக்கொடுத்தவர் அவர். அவருடைய கட்சித் தோழர்கள் கடவுளை மேடையில் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அதே தோழர்கள் பொண்ணு பார்க்கக் கிளம்பும்போது சரியாகத் தங்கள் சாதித் தெருவுக்குத்தான் வண்டியைத் திருப்பினார்கள். பெரியப்பாவைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். சம்பந்தத்துக்குக் கூப்பிடவில்லை. கடைசிக் காலத்தில் அவரே சொல்வார்: "சாமி இல்லன்னு ஒத்துக்கிறாண்டா. சாதி இல்லன்னு சொல்லச் சொல்லு, தொண்டையில மாட்டிக்கிது."

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்களே, அது எந்தச் சாமிக்காக? கூலிக்காக, கொடிக்காக. 2012 நவம்பரில் தருமபுரி பக்கம் நத்தம் காலனி எரிந்ததே, அது எந்த வேதத்துக்காக? ஒரு பையனும் பொண்ணும் கல்யாணம் செய்துகொண்டதுக்காக. நிலத்திலும் படுக்கையறையிலும் சாதி தன் சொந்தக் காலில் நடக்கும். கோயில் கதவைச் சாத்திவிட்டால் அது செத்துவிடாது.

அதனால் மதம்தான் எல்லாத் தீமைக்கும் வேர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மதம் வெறும் அப்பாவி என்றும் சொல்ல முடியவில்லை. பின்னே அது என்னதான் செய்கிறது?

* * *

நான் கண்டவரைக்கும் மதத்துக்கென்று தனி வேலை ஒன்று உண்டு. மனுசன் போட்ட ஏற்பாட்டை மனுசன் தொடக்கூடாத ஒன்றாக ஆக்குவது. அதுக்குப் பேர் புனிதம்.

வேலி போடுகிறவன் வேலி போடுகிறான். நாளைக்கு நாலு பேர் சேர்ந்தால் அதைப் பிடுங்கலாம். அந்த வேலிக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, 'ஆதியிலேர்ந்து இப்படித்தான்' என்று சொல்லிவிட்டால் பிடுங்கப் போகிறவன் கை நடுங்கும். பிடுங்கப் போகிறவனுடைய அம்மாவே வந்து தடுப்பாள். இந்த நடுக்கத்தைத் துப்பாக்கியால் உண்டாக்க முடியாது. பணத்தாலும் முடியாது.

அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் 1936இல் எழுதினார். லாகூரில் பேச அழைத்தவர்கள் உரையைப் பார்த்துப் பயந்து கூட்டத்தையே ரத்து செய்தார்கள். அவரே சொந்தமாக அச்சடித்து வெளியிட்டார். இந்துக்கள் சாதி பார்ப்பது அவர்கள் கொடியவர்கள் என்பதால் அல்ல, பக்தி உள்ளவர்கள் என்பதால்தான் என்றார். ஆகவே ஆளைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, சாதியைப் புனிதமாக்குகிற சாஸ்திரத்தின் அதிகாரத்தை உடைக்க வேண்டும் என்றார். 'மதம் நல்லது, மனுசன் கெட்டவன்' என்கிற பேச்சை அவர் அப்படியே தலைகீழாகத் திருப்பிப்போட்டார்.

அவருக்கு இது புத்தக அறிவு இல்லை. 1927 மார்ச்சில் மகாடு ஊரின் சவுதார் குளத்தில் அவரும் ஆயிரக்கணக்கான ஜனங்களும் இறங்கித் தண்ணி குடித்தார்கள். மாடு குடிக்கிற குளம். சட்டப்படி எல்லாருக்கும் திறந்துவிட்ட குளம். அப்புறம் சாதி இந்துக்கள் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து 108 குடம் ஊற்றி, மந்திரம் சொல்லி அந்தக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். தடியடி அதற்கு முன்பே நடந்துவிட்டது. தடியடி போதவில்லை, மந்திரமும் தேவைப்பட்டது. அந்த வருசம் டிசம்பர் 25ஆம் தேதி அதே மகாடில் மனுஸ்மிருதி எரிந்ததுக்கு இந்த மந்திரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் தெரியும்.

நம் நாட்டுக் கதை ஒன்று பாருங்கள். நந்தன் சிதம்பரத்துக்குள் போகலாம், ஆனால் நெருப்பில் இறங்கிவிட்டுப் போகலாம். உள்ளே போனது நந்தன் இல்லை, நெருப்பு மிச்சம்வைத்த வேறொருவன். எட்டு நூற்றாண்டுக்கும் மேலாக அதை அன்பின் கதை என்று சொல்லிக் கண்ணீர் விடுகிறார்கள். நம் கண்ணுக்குப் படுவது தீக்குழி மட்டும்தான்.

ஏதோ பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் எங்கள் ஜனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கிடந்தது. விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் அந்த மக்கள், இங்கே கோயிலுக்குள்ளும் எங்களை விடுவதில்லை என்று சொன்னார்கள். கலெக்டர் அவர்களை அய்யனார் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். யோசித்துப் பாருங்கள். குடிக்கிற தண்ணியில் பீ. அதைச் சொல்ல வந்த இடத்தில் கோயில் கதவும் சேர்ந்து வெளியே வருகிறது. தண்ணீரும் கோயிலும் எங்கள் ஊர்களில் வேறு வேறு பிரச்சினை இல்லை. ரெண்டுக்கும் ஒரே தீட்டு.

* * *

இத்தோடு நிறுத்திக்கொண்டால் பெரியப்பா கட்சிக்கே நான் போய்ச் சேரலாம். அத்தை தட்டிவிட்ட கை இன்னும் வலிக்கிறது. அதனால் மேலே சொல்கிறேன்.

மனுசன் தொடக்கூடாது என்று ஒரு வேலிக்குச் சொல்ல முடிகிற அதே மதம், மனுசனைப் பார்த்தும் அதைச் சொல்ல முடியும். 'உன் மதிப்பு ஆண்டை போட்டது இல்லை, அதனால் ஆண்டை அதைப் பிடுங்க முடியாது' என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்கிற இடத்தில் ஆண்டைமார் நடுங்குகிறார்கள்.

1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் என்று நம் ஆட்கள் பெயர் வைத்துக்கொண்டது அமெரிக்கக் கறுப்பர்களைப் பார்த்து. அந்தக் கறுப்பினச் சனங்களின் கதையில் ஒரு செய்தி. 1807இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சடித்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்காக என்றே தயாரித்தது. அதில் எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையாகி வெளியேறுகிற பகுதியை எடுத்துவிட்டார்கள். வேலைக்காரன் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற பகுதி அப்படியே இருந்தது. வெட்டினவனுக்குத் தெரிந்திருக்கிறது, எந்தப் பக்கம் ஆபத்து என்று. அப்படி வெட்டியும் பிரயோசனம் இல்லை. அமெரிக்கத் தோட்டங்களிலிருந்து அடிமைகளை ராத்திரியோடு ராத்திரியாகத் தப்புவித்த ஹாரியட் டப்மேன் என்கிற அம்மாவை அந்த ஜனங்கள் மோசே என்றுதான் கூப்பிட்டார்கள்.

இங்கேயும் அந்தத் தேடல் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் ஆல்காட் துணையோடு இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுவந்து, சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அவர் புதுசாக ஒரு மதத்துக்குப் போவதாகச் சொல்லவில்லை. நாம் பூர்வ பௌத்தர்கள், நம்மைத் தாழ்த்தினதுதான் புதுசு என்றார். பறிகொடுத்ததைத் திருப்பி எடுக்கிற பேச்சு அது. அம்பேத்கர் 1935இல் இயோலாவில், தான் இந்துவாகப் பிறந்தது தன் கையில் இல்லை, இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். இருபத்தொரு வருசம் யோசித்தார். 1956 அக்டோபர் 14ஆம் தேதி நாகபுரியில் லட்சக்கணக்கான ஜனங்களோடு பௌத்தம் ஏற்றார். எட்டு வாரத்தில் செத்துப்போனார். சாகப்போகிற நேரத்தில் ஒரு பெரும் படிப்பாளி இதுக்கா தன் மிச்ச மூச்சைச் செலவு செய்வார்? செய்தார். மதமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. விதிகளால் ஆன மதம் வேண்டாம், கொள்கையால் ஆன மதம் வேண்டும் என்றார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்கிற உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்.

1981 பிப்ரவரியில் திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் சுமார் 180 குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோது தில்லியிலிருந்து தலைவர்கள் ஓடிவந்தார்கள். எத்தனையோ வருசமாக அந்த ஜனங்கள் பட்ட அடிக்கு ஒருத்தரும் ஓடிவரவில்லை. தெருவை விட்டுப் போனதும்தான் தெரு ஞாபகம் வந்தது.

* * *

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. நம் பத்திரிகையில் நாமே நமக்குப் பொய் சொல்லிக்கொள்ள வேண்டாம். போன இடத்திலெல்லாம் விடுதலை கிடைத்துவிடவில்லை. எங்க பூட்டன் போன இடத்தில்தான் எங்க ஆயாவுக்குச் சேற்று வரப்பு கிடைத்தது.

சர்க்காரும் இதில் சும்மா இல்லை. 1950இல் வந்த ஜனாதிபதி ஆணையில் இந்து மதத்தில் இருப்பவன்தான் அட்டவணைச் சாதி என்று எழுதினார்கள். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனான தலித்தையும் முஸ்லிமான தலித்தையும் சேர்க்கவில்லை. மதத்தை அடிப்படையாக வைக்காதீர்கள் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சிபாரிசு கொடுத்தது. 2022இல் இதைப் பற்றி ஆராய மறுபடி ஓர் ஆணையம் போட்டார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சர்க்கார் சொல்கிறது. கல்லறைச் சுவர் இருக்கிறது என்று சொல்கிறது. யார் பேச்சை நம்புவது?

எனக்குக் கோயிலில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர். எங்கப்பா என்னை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கும்போது, 'இந்து ஆதிதிராவிடர்' என்று எழுதச் சொன்னார். ஸ்காலர்ஷிப் வரணுமே. வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொல்லியிருக்காங்க. அந்த மனுசன் சாமிக்குத் துரோகம் செய்தாரா, சர்க்காருக்குப் பொய் சொன்னாரா? ரெண்டும் இல்லை. ரெண்டு பேரும் சேர்ந்து அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இன்றைக்கு நான் இப்படி எழுதிக்கொண்டிருப்பது அந்தப் பொய் போட்ட சோறு.

* * *

இப்போது அத்தை சொன்னதுக்கு வருகிறேன்.

ஆயாவை ஒருமுறை களத்துமேட்டில் ஆண்டை வீட்டுக்காரன் கைநீட்டி அடித்துவிட்டான். படி நெல் குறையுது என்று கேட்டதுக்கு. ஆயா அவனிடம் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. நேராக மாதா கெபிக்குப் போய் நின்றது. "ஏம்மா, நீயும் புள்ள பெத்தவதானே? பாத்துக்கிட்டுத்தானே நின்ன? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று சத்தம் போட்டது. சின்னப் பையனாக முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குப் பயம். மாதாவை இப்படித் திட்டலாமா? வரும் வழியில் கேட்டேன். ஆயா சொன்னது: "அவங்க முன்னாடி குனிஞ்சே நின்னுட்டேன்டா. அவ ஒருத்திக்கிட்டதான் நிமிந்து பேசறேன். அதையும் வேணாங்கிறியா?"

அந்த நிமிர்வுக்கு நான் என்ன பேர் வைப்பேன்? மயக்கமருந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மயங்கினவள் அப்படித் திட்டமாட்டாள். எங்க ஆயாவுக்கு இந்த உலகத்தில் அதட்டிக் கேள்வி கேட்க ஒரே ஓர் ஆள் இருந்தாள். அந்த ஆளைத்தான் நான் கல்லறையில் பிடுங்கி வீசப் போனேன். அந்த ஜெபமாலை சாமியாருடையது இல்லை, சுவருடையதும் இல்லை. அத்தைக்கு அது தெரிந்திருந்தது. காலேஜ் படித்த எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை. அந்த நிமிர்வு கெபியோடு நின்றுபோனது. களத்துமேட்டுக்குத் திரும்பி வரவில்லை. மாதாவிடம் கேட்ட கேள்வியை ஆண்டையிடம் கேட்க ஆயாவுக்கு ஒரு கூட்டம் வேண்டியிருந்தது. கோயில் அந்தக் கூட்டத்தைக் கொடுக்கவில்லை. பொறுமையைக் கொடுத்தது. மதம் எங்களுக்குச் செய்த துரோகம் சாமியைக் கொடுத்தது இல்லை. நிமிரச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கேயே நிமிர்ந்துகொள், வெளியே போய் நிமிராதே என்றதுதான்.

ஆகவே நண்பர்களே, மதம் நல்லதா கெட்டதா என்று யாராவது உங்களைக் கேட்டால் அவர்கள் போட்ட மேடையில் ஏறாதீர்கள். அது ஊர்த்தெருவில் போட்ட மேடை. நீங்கள் ஒன்றைத் திருப்பிக் கேளுங்கள். உன் மதம் எதைத் தொடக்கூடாதது என்று வைத்திருக்கிறது? சுவரையா, மனுசனையா? இதுக்குப் பதில் வேதத்தில் தேட வேண்டாம். எல்லா வேதத்திலும் நல்ல வாக்கியம் நிறைய இருக்கும். யார் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறாய், யார் வீட்டில் பொண்ணு எடுக்கிறாய், யார் பொணம் உன் தெரு வழியாகப் போகும், இந்த மூணையும் போய்ப் பார்த்தால் போதும். சாமி இல்லை என்கிறவரையும் இதே மூணு இடத்தில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும். அவருக்குத் தனித் தராசு கிடையாது.

மதம் மாறுவதானாலும், மாறாமல் உள்ளேயே இருந்து சண்டை போடுவதானாலும், எல்லாத்தையும் உதறிவிட்டுப் போவதானாலும் அது நம் ஒவ்வொருவர் முடிவு. எங்க குடும்பத்திலேயே மூணு வகையும் உண்டு. எங்க மாமா பௌத்தர். பெரியப்பா கடைசிவரை கறுப்புச் சட்டையோடு போனார். எங்கம்மா இன்றைக்கும் ஞாயித்துக்கிழமை பூசைக்குத் தவறாமல் போறாங்க. ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு வருத்தம் உண்டு. ஒரே பந்தியில்தான் உட்காருகிறோம்.

பல வருசச் சண்டைக்கு அப்புறம் இப்போது தூம்பா வண்டி எங்க தெருவுக்கும் வருகிறது. வரப்பு தார்ரோடு ஆகிவிட்டது. ஆனால் வண்டி அந்த ரோட்டில்தான் போகிறது. கல்லறைச் சுவர் பாதி மழையில் விழுந்துவிட்டது. திருப்பிக் கட்டவும் ஆள் வரவில்லை, மிச்சத்தை இடிக்கவும் ஆள் வரவில்லை.

அம்மாவுக்கு எழுபத்தஞ்சு தாண்டிவிட்டது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து வெத்திலை இடித்துக்கொண்டே கேட்டாங்க: "எனக்கு மோட்சம் கெடைக்குமா கெடைக்காதான்னு அந்த மாதா பாத்துக்குவா. அது எங்க ரெண்டு பேரு விசயம். நீ ஒண்ணு சொல்லு. என்னை எந்தத் தெரு வழியாடா தூக்கிட்டுப் போவ?"

ஊர்த்தெரு வழியா என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் செய்யணும். தனியாகச் செய்ய முடியாது. அன்றைக்குச் சாயங்காலமே எங்க தெருப் பசங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச ஆரம்பித்திருக்கிறேன்.